உப்புப் போட்ட புகை

என் மனைவி ஞானாம்பிகைக்குப் பக்கத்து வீட்டுப் பூனையைக் கண்டாலே நடுக்கம். அதே ஆள்தான் யானை காக்கிறேன் என்று ஆண்டுதோறும் ஆபிரிக்காவுக்கு விமானம் ஏறுவாள். மொன்றியல் வில்லரேயில் டெப்பனர் என்கிற எங்கள் மூலைக்கடையும் நானுமாகக் கிடப்பேன்.

"உமக்கு ஆனையோடை என்ன கொண்டாட்டம்?" என்று கேட்டால், "அது உங்களை மாதிரித் தொணதொணக்காது" என்பாள். கொழுப்பு!

மொன்றியலில் ஒரு விலங்குப் பாதுகாப்பு அமைப்பில் அவளுக்கு வேலை. பெனின் நாட்டுத் தேசியப் பூங்காவின் காவலர்களுக்குப் பயிற்சி கொடுப்பாள். செத்தல் மிளகாயை வறுத்து இடித்து, யானை இலத்தியோடு பிசைந்து கட்டியாக்கி, வயலோரம் புகைய விடவேண்டும். அந்தக் காரத்துக்கு யானை திரும்பிவிடும். 2007இல் பூங்காவை ஒட்டிய ஊரவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இந்த முறையும் சோளம் போனால் சுடுவோம். குட்டியோடு திரிந்த ஒரு யானையை நினைத்து நினைத்து, இவள் சாப்பாடே இறங்காமல்தான் புறப்பட்டாள்.

அங்கே வயலோரம் மிளகாய் வறுக்கும்போது காவலர்கள் இருமித் தள்ளியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கை சும்மா இருக்குமா? வீட்டில் தூளுக்கு வறுக்கும்போது நெடி அடங்க உப்புப் போடுவோமே, அதேபோல் சமையலுக்கு வைத்திருந்த உப்பு மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டுவிட்டாள். இருமல் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மாலையில் கட்டிகளைக் கொளுத்தினார்கள். புகை வந்தது, காரம் வரவில்லை. யானையும் குட்டியும் ஆற அமர நடந்து வந்தன. ஊரவர்கள் துவக்கைத் தூக்கிவிட்டார்கள். இவள் "ஐயோ, சுடாதேங்கோ!" என்று தமிழிலேயே கத்தினாளாம். யானையோ சோளத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூடாமல் கிடந்த அந்த உப்பு மூட்டைக்குள் தும்பிக்கையை விட்டது. குட்டியும் விட்டது. ஒரு விவசாயி சிரித்துவிட்டார். துவக்குகள் இறங்கின.

மறுநாளே காவலர்களோடு போய், யானைகள் அங்கேயே நிற்கட்டும் என்று காட்டுக்குள் உப்புக் கொட்டினாள். வயலுக்கு உப்பில்லாத புகை போட்டாள். அந்தப் பருவத்தில் ஒரு வெடியும் கேட்கவில்லை.

திரும்பி வந்த கிழமை, ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய மிளகாயை வறுத்தாள். வீடெல்லாம் நெடி, புகை மணி அலறுகிறது, எனக்குக் கண் தெரியவில்லை.

"இஞ்சேரும், உப்புப் போட மறந்திட்டீரோ?"

"மறக்கேல்லையப்பா. உப்பை எடுத்தால் அந்தத் துவக்குகள்தான் கண்ணுக்கை நிக்குது. கை போகுதில்லை."

அந்தக் குளிரில் யன்னலை எல்லாம் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்று சேர்ந்து இருமினேன்.