கவச வாகனம் கழுவிய நடுவர்

போன ஞாயிற்றுக்கிழமை கிளிவெட்டிக் கிராமத்தில் எனக்கு மாலை போட்டார்கள்.

கல்யாணம் இல்லை, பயப்படாதீர்கள். நெல் வெட்டும் மெசின் வாங்க ஒரு போட்டி. அங்குள்ள கமக்காரர் அமைப்பு, அதாவது விவசாயிகள் சங்கம், இவ்வளவு காலமும் வாடகை மெசினை நம்பியிருந்தது. இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப்போகிறார்கள். இரண்டு கம்பனிகள் ஆளுக்கொரு மெசினோடு வந்திருந்தன. ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். அதற்கு நடுவர் — நான்!

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு போகம்கூட ஒழுங்காக வயல் செய்யாதவன். எனக்கு எப்படி இந்தப் பதவி?

ஒரு போட்டோவால்.

அதில் நான் ஒரு கவச வாகனத்தின் முன்னால் நிற்கிறேன். எட்டுச் சக்கரம், மேலே பீரங்கி, பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அமைப்பின் தலைவர் யோகராசா அண்ணை அந்தப் படத்தை எங்கேயோ பார்த்து வைத்திருந்தார்.

"தம்பி, நீங்கள் டாங்கி வாங்கிற போட்டியையே பாத்தனீங்கள். இது வெறும் வெட்டு மெசின்தானே. வாங்கோ."

"அண்ணை, நான் அதுகளைக் கழுவினவன்..."

"அப்ப இன்னும் நல்லம். கழுவினவனுக்குத்தானே அடியில என்ன இருக்கெண்டு தெரியும்!"

உண்மை அதுதான். வளைகுடா நாடொன்றில் கொஞ்சக் காலம் வாகனம் கழுவினேன். சம்பளம் பிந்தி வரும். தகரக் கொட்டகையில் ஆளோடு ஆள் ஒட்டிப் படுப்போம். ஆனால் வேடிக்கைக்குக் குறைவில்லை. அந்த நாட்டு இராணுவம் புதிதாகக் கவச வாகனம் வாங்க, பல நாட்டுக் கம்பனிகளும் வந்து வரிசையாக நின்றன. சோதனை ஓட்டம் முடிந்து வரும் ஒவ்வொரு வாகனத்தையும் கழுவி விடுவது எங்கள் வேலை.

யுத்த காலத்தில் எங்கள் ஊர்களில் கவச வாகனம் என்றால் சத்தத்தை வைத்தே எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்வோம். கேட்டதும் வேலிக்குப் பின்னால் படுத்துப் பழகியவர்கள் நாங்கள். அதே சாமானுக்குச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதென்றால்... முதலில் கை கூசியது. பிறகு பழகிவிட்டது. தேய்க்கத் தேய்க்க அதுவும் ஒரு வாகனம்தான்.

அங்கே ஓயாத சண்டை ஒன்று நடக்கும். சக்கரமா, டாங்கிக்கு இருப்பது போன்ற சங்கிலிப் பட்டையா? சக்கரம் தெருவில் பறக்கும். சங்கிலி மெதுவாகப் போகும், ஆனால் புதைமணலில் இறங்கி ஏறும். இடையில் ஆளுக்கொரு ஆசை. கண்ணிவெடி தாங்க வேண்டும் என்பார் ஒருவர். ட்ரோன் விழுந்தாலும் தாங்க வேண்டும் என்பார் இன்னொருவர். கவசம் தடிக்கும், எடை ஏறும், எடைக்குப் பெரிய எஞ்சின் வேண்டும், எஞ்சினுக்கு இன்னும் எடை... கடைசியில் அது கோட்டையாகிவிடும். கோட்டை எங்கே நகர்ந்தது?

ஆனால் ஒரு அதிகாரி இருந்தார். கம்பனிக்காரர்கள் நல்ல பாதையைக் காட்ட, அவர் தண்ணீர் பவுசர் ஓட்டுபவனைக் கூப்பிட்டுக் கேட்டார்: "உன்னுடைய லொறி எங்கே புதையும்?" அவன் கை காட்டிய இடத்துக்குத்தான் அத்தனை வாகனமும் போனது. அன்று எங்களுக்குக் கழுவக் கழுவ முடியவில்லை.

இதெல்லாம் மனதில் இருக்க, கிளிவெட்டி வயலில் போய் இறங்கினேன். இறங்கியதும் திகைத்துப்போனேன். போட்டிக்கென்று ஒதுக்கிய வயலுக்குத் தோரணம் கட்டியிருந்தார்கள். வாசலில் நிறைகுடம். தண்ணீரை முன்கூட்டியே வடிய விட்டுக் காய வைத்திருந்தார்கள். கிரிக்கெட் விளையாடலாம்!

"அண்ணை, இவ்வளவு காய்ஞ்ச வயலில விட்டா என்ன தெரியும்?"

"என்ன கதை இது? வீட்டுக்கு ஆக்கள் வந்தா முன் கதிரையில இருத்துறதா, அடுப்படிக் குசினிக்குப் பின்னால இருத்துறதா?"

நான் மெசின்களைப் பார்க்கப் போனேன்.

பெரிய மெசின் கொழும்புக் கம்பனியுடையது. அகல ரயர்ச் சக்கரம், கண்ணாடி அறை, உள்ளே ஏசி, பாட்டுப் பெட்டி. டை கட்டிய தம்பி ஒருவர் பக்கத்தில் நின்றார். மற்றது சின்னது. றப்பர் சங்கிலி, மேலே வெறும் தகரக் கூரை. அதைக் கொண்டுவந்தவர் மற்றக் கம்பனியின் ஆள், கிண்ணியாவிலிருந்து வந்த றியாஸ். இரண்டும் அந்தக் காய்ந்த வயலில் மாப்பிள்ளைக் கார் மாதிரி ஓடின. சனம் கைதட்டியது. பெரியதுக்குக் கொஞ்சம் கூடத் தட்டியது.

அப்போது பரமேஸ்வரி அக்கா எழும்பினார்.

அவருடைய காணி குளத்துக்குக் கீழே, பள்ளம். சேறு காய்வதே இல்லை. போன முறை வாடகை மெசின் வரம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கையால் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. மழையில் கதிர் சாய்ந்து, நெல் அப்படியே முளைத்துவிட்டது. இந்த முறையும் தவறினால் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதாக இருந்தார்.

"தலைவர், ரெண்டையும் ஒருக்கா என்ர பள்ளத்துக்குள்ள விட்டுப் பாப்பமே?"

"வந்த விருந்தாளியளைச் சேத்துக்குள்ள இறக்கிறதோ? ஊர் மானம் என்னாகிறது, பிள்ளை?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் பாலைவனத்து அதிகாரியின் கதையை எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "நடுவர் ஐயா, அங்க மணல். இங்க மரியாதை!" கூட்டம் சிரித்தது. மாலை போட்ட கழுத்தோடு நானும் சிரித்துவிட்டு இருந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

பரமேஸ்வரி அக்கா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"சரி தலைவர். மானம் முக்கியம்தான். ஆனா வந்த ஆக்களைச் சாப்பிடாமல் அனுப்ப ஏலாது. நான் சமைச்சு வைச்சிட்டன். கொட்டியாரக்குடா இறால், பாரை மீன் குழம்பு. எல்லாரும் வாங்கோ."

"எங்க பிள்ளை?"

"என்ர காவல் வாடிக் கொட்டிலில. பள்ளத்துக்கு அந்தப் பக்கம்."

எல்லோரும் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தொடர்ந்தார்:

"வரம்பு வழுக்கும், சப்பாத்துக் காலோட நடக்க ஏலாது. விருந்தாளியள் மெசினிலயே வரட்டும். சும்மா வர வேண்டாம், விளைஞ்சு நிக்கிற நெல்லையும் வெட்டிக்கொண்டு வரட்டும்."

விருந்துக்குக் கூப்பிட்டால் மறுப்பதா? மானத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டு? யோகராசா அண்ணை வேட்டியை மடித்துக் கட்டி, பெரிய மெசினின் ஏசி அறைக்குள் டை கட்டிய தம்பியோடு ஏறினார். தலைவர் என்றால் பெரியதில்தானே போக வேண்டும்!

நாங்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வரம்பால் நடந்தோம்.

பெரியது கம்பீரமாக இறங்கியது. கொஞ்சத் தூரம் வெட்டியது. பிறகு ஒரு முனகல். ரயர் சுற்றியது, மெசின் நகரவில்லை. சுற்றச் சுற்றக் கீழே போய், வயிறு சேற்றில் பட்டதும் எருமை மாதிரி நிம்மதியாகப் படுத்துவிட்டது. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

சின்னது பக்கத்தால் வந்தது. கரும்புகை, காதைக் கிழிக்கும் சத்தம். றியாஸ் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டிருந்தார். ஒருமுறை சாய்ந்தது... பரமேஸ்வரி அக்கா இரண்டு கையையும் தலையில் வைத்துவிட்டார். சங்கிலி சேற்றைக் கவ்வியது, மெசின் நிமிர்ந்தது, நெல்லை வெட்டிக்கொண்டே காவல் வாடியின் வாசலில் வந்து நின்றது.

அக்கா மெசினைப் பார்க்கவில்லை. திரும்பி, அது வெட்டி வந்த பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டென்று, "றியாஸ் தம்பி, கையைக் கழுவிப்போட்டு வந்து இரும்" என்றார்.

எந்த மெசின் என்று நடுவரை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் இறாலில் இருந்தோம்.

நடுப் பள்ளத்தில் பெரிய மெசினின் கண்ணாடி திறந்தது. யோகராசா அண்ணையின் தலை தெரிந்தது.

"பிள்ளை பரமேஸ்வரி! விருந்தாளியைச் சேத்துக்குள்ள விட்டிட்டுச் சாப்பிடுறதோ?"

"நான் இறக்கேல்ல, தலைவர். நீங்களாத்தான் இறங்கினனீங்கள்! பொறுங்கோ, சோறு வருது!"

சோற்றையும் குழம்பையும் கட்டி, றியாஸின் மெசினில்தான் அனுப்பினோம். தலைவர் ஏசிக்குள் இருந்தபடியே சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் அங்கிருந்தே கத்தினார்: "சங்கிலியையே எடுப்பம்!"

பள்ளத்தின் மிச்சத்தைப் பின்னேரத்துக்குள் றியாஸ் வெட்டி முடித்தார். அக்கா வெளிநாட்டுக் கதையை எடுக்கவே இல்லை.

கோடி கோடியாகக் கொட்டிக் கவச வாகனம் வாங்கும் நாடுகளுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது: சாப்பாட்டைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.