மௌலவி கேட்ட இரண்டாவது கேள்வி

போன கிழமை சீனி வருத்தத்துக்கு இரத்தம் பார்க்கப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்தில் என் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கிளினிக் திறந்திருக்கிறார்கள். தாதிப் பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் முழங்கையின் உட்பக்கத்தில் தேய்த்தாள். ஊசி வருமுன்னே எனக்கு வியர்த்துவிட்டது.

"ஐயாவுக்கு ஊசியெண்டால் பயமோ?" என்று சிரித்தாள்.

ஓம் என்று தலையாட்டினேன். ஊசிக்குப் பயந்தவன் என்று பெயர் எடுப்பது எவ்வளவோ மேல். அந்த மணத்துக்குப் பயம் என்று சொல்லியிருந்தால் காரணம் கேட்டிருப்பாள்.

உங்களுக்குச் சொல்கிறேன். யுத்தம் முடிந்து சில வருடங்களில், கல்பிட்டிப் பக்கத்தில் ஒரு மௌலவி என்னிடம் நேராகக் கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் சொன்னேன். அந்தப் பதிலை நம்பி ஒரு பெண் தன் கையுறைகளைக் கழற்றி வைத்தாள். நான் செய்த பிழை இதுதான்.

நான் மீன்களின் இனப்பெருக்கத்தைப் படித்தவன். எந்த ஓமோன் முட்டையை முதிர வைக்கும், எது தடுத்து வைக்கும் என்பதிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் போனது. இறால் பெட்டையின் ஒரு கண்தண்டை நசுக்கினால் அது சினை வைக்கும். தடுக்கும் ஓமோன் அங்கேதான் இருக்கிறது. சிலாபத்துப் பண்ணைக்காரர்களுக்கு அதைச் செய்து காட்டியவர்களில் நானும் ஒருவன். அப்போது கொழும்புக்கு ரயிலில் போனால் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். என் மரியாதைக்காக என்று கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன். பிறகுதான் என் சட்டையை நானே மோந்து பார்த்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகச் செய்தது திலாப்பியா வேலை. கல்பிட்டிப் பாதையில், குறிஞ்சிப்பிட்டிக்கு இந்தப் பக்கம், களப்புக் கடலோரத்தில், கைவிட்ட இறால் கொட்டகை ஒன்றைக் கேட்டு வாங்கினோம். திலாப்பியாவில் ஆண் மீன்தான் பருத்து வளரும். பெட்டைகள் இருந்தால் குளம் முழுக்கக் குஞ்சாகி எதுவும் வளராது. பொரித்த முதல் வாரங்களில் அதன் உடம்பு ஆணா பெண்ணா என்று இன்னும் முடிவெடுத்திருக்காது. அப்போது ஆண் ஓமோனைத் தீனியில் கலந்து கொடுத்தால் எல்லாம் ஆணாகவே வளரும். வெள்ளைத் தூள், நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு போதும். அதை ஸ்பிரிட்டில் கரைத்து, மீன்மாவோடு பிசைந்து, நிழலில் காயவைக்க வேண்டும்.

பிசைந்தவள் ஜெசீமா. பாலாவியில் சீமெந்து லொறி ஓட்டும் ரிஸ்வானின் மனைவி. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அவளோடு வேலைக்கு வந்தவர் ஹாஜரா என்ற வயதான அம்மா. தொட்டி கழுவுவது அவர் வேலை. ஜெசீமாவுக்கு மெல்லிய, கூரான குரல். வேலிக்கு அப்பாலேயே அவளுடைய சலாம் வந்துவிடும். தீனி போடும்போது தொட்டிக்குள் குனிந்து, "புள்ளைகளே, திங்க வாங்க" என்று கூப்பிடுவாள். குஞ்சுகள் கருமையாகத் திரண்டு வரும். அவை காலடி அதிர்வுக்குத்தான் வருகின்றன என்று நான் விஞ்ஞானம் பேசுவேன். ஹாஜரா அம்மா விடமாட்டார். "அப்ப நீங்க கூப்புட்டுப் பாருங்களே சேர்" என்பார். நான் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை.

தூள் என்னவென்று கேட்டார்கள். விற்றமின் மாதிரி என்றேன். "அப்ப எனக்கும் கொஞ்சம் தாங்க, முட்டுக்கால் நோவுது" என்றார் ஹாஜரா அம்மா. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கையுறை கொடுத்திருந்தேன். ஏன் போட வேண்டும் என்று சொல்லவில்லை. ஜெசீமா தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

"சேர், இந்த ஸ்பிரிட்டும் சாராயந்தானே? கைல பட்டுட்டுத் தொழ ஏலுமா?"

அவளுடைய பயமெல்லாம் அந்த ஸ்பிரிட்டின் மேல்தான். எனக்கு அது வசதியாகப் போயிற்று. கேட்டுச் சொல்கிறேன் என்று அடுத்த நாளே ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போனேன். சைவக்காரன் ஒருவன் தன் வேலையாட்களின் தொழுகைக்காக வந்து நிற்கிறானே என்று மௌலவிக்கு மகிழ்ச்சி. பிளேன்டீ தந்து கதிரையில் இருத்தினார். காய்ந்த பிறகு ஸ்பிரிட் தீனியில் மிஞ்சுமா என்று கேட்டார். மிஞ்சாது என்றேன். அது உண்மை. பிறகு தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்தத் தூளு? அதால அந்தப் பொம்புளப் புள்ளைகள்ட ஒடம்புக்கு ஏதும் கேடு ஈக்கிதா?"

அந்தத் தூள் ஸ்பிரிட்டில் கரைந்தால் தோலுக்குள் இன்னும் எளிதாக இறங்கும் என்பது எனக்குத் தெரியும். மாணவர்களுக்கு நான் படிப்பித்த விஷயம். சொன்னால் ஊர் முழுக்கக் கதை பரவும், ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள், என் கடைசி ஆராய்ச்சி அந்தப் பருவத்தோடு நின்றுவிடும் என்பதும் தெரியும்.

"இல்லை" என்றேன்.

"அப்ப பயப்புடத் தேவல்ல. கையக் கழுவிட்டுத் தொழச் சொல்லுங்க."

சொன்னேன். ஜெசீமாவின் முகம் தெளிந்தது. மறுநாள் காலையில் கையுறைகள் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கின. அந்தப் புழுக்கத்தில் அவற்றைக் கழற்ற அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. விரல்கள் பாதி மடிந்தபடி அந்தப் பருவம் முழுவதும் அவை அங்கேயே தொங்கின. கதவைச் சாத்தும்போதெல்லாம் பார்ப்பேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்.

முதலில் அவளுக்குத் தொண்டை கட்டியது. தடிமன் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தாள். தடிமன் போயிற்று, குரல் திரும்பவில்லை. அதற்குப் பிறகு நான் அவர்கள் வருமுன்பே, வேளைக்கே கொட்டகைக்கு வந்து அவளுடைய சலாமுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். நேற்றையதைவிட இன்று தடித்திருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு. அன்றைக்கு மட்டும் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

சாப்பாடு என்றதும் அந்த வட்டிலப்பம் நினைவுக்கு வருகிறது. ஒரு நாள் காலை ஜெசீமா ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். ஏலக்காயும் கித்துல் கருப்பட்டியும் மணத்தன. என்ன விசேஷம் என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டாள். ஹாஜரா அம்மா எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"புள்ளைக்கி நாள் தள்ளிப் பெய்த்து சேர். இப்ப ஆரிட்டயும் சொல்ல வாணாம்."

நாள் ஏன் தள்ளிப் போயிருக்கும் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணம் தெரிந்திருந்தது: அந்த ஆண் ஓமோனும் நாளைத் தள்ளிப்போடும். அது பிழையாகி, உண்மையிலேயே வயிற்றில் பிள்ளை இருந்துவிட்டால்? அது பெண் பிள்ளையாக இருந்தால்? அந்த நினைப்பு முதலாவதைவிடப் பயங்கரமாக இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கைதான் தெரிந்தது. அவள் தொட்டியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டிலப்பத்தை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்தபோது பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சில நாட்கள் அவள் வரவில்லை. வந்த அன்று முக்காட்டை இழுத்து நாடியையும் மூடியிருந்தாள். அங்கே முளைத்த மயிரை மறைக்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கியது. வழக்கம்போல மாச் சட்டியை இழுத்து, வெறும் கையை உள்ளே விடப் போனாள். நான் சட்டியைப் பறித்து வெளியே குழிக்குள் கொட்டினேன். இரண்டு பேரையும் வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

அன்று பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். ரிஸ்வான் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தான். இருவரையும் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். தூள் என்ன, அது மீனை என்ன செய்யும், மனிதரை என்ன செய்யும், மௌலவியிடம் என்ன சொன்னேன் எல்லாம். ரிஸ்வான் எழுந்து போய் லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

ஜெசீமா நிலத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்டைக்கி வட்டிலப்பம் திண்டீங்களே சேர். அப்பவே தெரியுமா?"

"ஓம்."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

சிலாபத்தில் ஒரு வைத்தியரிடம் அவர்களை நானே கூட்டிப்போய், நானே எல்லாவற்றையும் சொன்னேன். தூளைத் தொடாவிட்டால் மற்றவையெல்லாம் மெல்ல மெல்லச் சரிவரும், பிள்ளைக்கும் இடமுண்டு, ஆனால் குரல் திரும்பும் என்று சொல்ல ஏலாது என்றார். மௌலவியிடமும் போனேன். அவர் இருக்கச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் தந்து உதவியவர்களுக்கு நடந்ததை அப்படியே அறிவித்தேன். கொட்டகையை மூடினார்கள். ஹாஜரா அம்மா பாதையில் கண்டு மறித்தார். "உண்மையச் சொன்னீங்க, நல்லம். முந்திச் சொல்லீந்தா அவள்ட தொண்ட மிஞ்சியிருக்கும். பிந்திச் சொன்னதால என்ட சோறும் பெய்த்து."

யாழ்ப்பாணத்துக்கு வந்து சில வருடங்களின் பின் ஒரு நாள் தொலைபேசி அடித்தது. ஆண் குரல் சலாம் சொன்னது.

"ஓம் தம்பி, சொல்லுங்கோ" என்றேன்.

"தம்பி இல்ல சேர். ஜெசீமா."

உலகத்தில் வேறு யார் அந்தப் பிழையை விட்டாலும் நான் விட்டிருக்கக்கூடாது.

"பொம்புளப் புள்ள கெடச்சீக்கிது. டொக்டர்மாரு நல்லாப் பாத்தாங்க, கொறையொண்டும் இல்ல. நீங்க பயந்துக்கிட்டே இருப்பீங்கண்டு ஹாஜரா மாமி சொன்ன. அதான் எடுத்தன்."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அவள் தொலைபேசியை விலக்கி, அந்தத் தடித்த குரலில், "வாங்க புள்ள, வாங்க" என்றாள். அழுகை நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்குத் தாயின் குரல் என்றால் அது ஒன்றுதான். "வைக்கிறன் சேர்" என்று வைத்துவிட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஓலைக் குடில்கள் நிற்கின்றனவாம். தொட்டிகளை மூடி மண் போட்டுவிட்டார்கள். கையுறை தொங்கிய ஆணியும் கதவோடு போயிருக்கும். கிளினிக்கிலிருந்து வந்த அன்று, கதவைச் சாத்திவிட்டு, ஜெசீமாவின் பழைய குரலை நினைவுக்குக் கொண்டுவரக் கனநேரம் முயன்று பார்த்தேன். புள்ளைகளே, திங்க வாங்க. சொற்கள் வருகின்றன. அவற்றைச் சொன்ன மெல்லிய குரல் வரவில்லை. முழங்கையில் ஸ்பிரிட் மணம் மட்டும் இருந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், பிறகும் இருந்தது.