கைக்குழந்தை ஏறினால்

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாயிற்று, சில்லறையும் கொடுத்தாயிற்று. ஆனாலும் கண்டக்டரம்மா நகரவில்லை. பயணியின் மடியில் தூங்கும் குழந்தையின் வாயோரத்தைக் குனிந்து பார்க்கிறாள். பிறகு அதன் விரல்களை விரித்துப் பார்க்கிறாள். "சமத்து, சுத்தமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போகிறாள்.

கைக்குழந்தை ஏறினால் போதும், இதே கதைதான். சில தாய்மார்கள் சிரிப்பார்கள். சிலர் "கண்ணு வைக்காதீங்கக்கா" என்று துணியை இழுத்து மூடுவார்கள். "புள்ளைங்களுக்கு டிக்கெட் இல்லம்மா, விட்டுடு" என்று டிரைவர் கிண்டலடிப்பார். "நீங்க ரோட்டைப் பாருங்கண்ணே" என்பாள். வாய்த்துடுக்குக்குக் குறைச்சலில்லை. பாஸ் காலாவதியான கல்லூரிப் பையன்கள்கூட அவளிடம் வாலாட்டுவதில்லை.

அவளுடைய மூத்த பெண் கொழுகொழுவென்றுதான் இருந்தது. பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது பாலை மறக்கடித்தாள். கொஞ்ச நாளில் வாயைச் சுற்றிப் புண், விரல் நுனியெல்லாம் புண், துணி கட்டும் இடத்தில் புண். தலைமுடி கொட்டியது, வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. களிம்பை மாற்றினார்கள், சோப்பை மாற்றினார்கள், டாக்டரையும் மாற்றினார்கள். பாவம், அந்தச் சிசு ஒரு வயதைக் காணாமலே போய்விட்டது.

இரண்டாவதாகப் பிறந்த பையனுக்கும் பால் மறந்ததும் அதே புண். இந்த முறை தோல் டாக்டர் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பு துத்தநாகச் சத்தை உறிஞ்சவில்லை என்றார். மருந்து ஊற்றிய ஒரே வாரத்தில் புண் ஆறத் தொடங்கியது. வீடே பூரித்தது. "இவ்வளவு நாளா உங்க பால்தாம்மா இவனைக் காப்பாத்தியிருக்கு" என்று டாக்டர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

"பெரியவளுக்கு நான்தானேங்க நிறுத்தினேன்?" என்று வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்டாள்.

பையன் இப்போது தினமும் மருந்தைக் குடித்துவிட்டு வீட்டை இரண்டாக்குகிறான்.

நேற்று ஓர் இளம்பெண் ஏறினாள். அவள் தோளில் சிணுங்கிய குழந்தைக்கு வாயைச் சுற்றிச் சிவந்து உரிந்திருந்தது. விரல்களும் அப்படியே.

"பால் மறக்கடிச்சிட்டியாம்மா?"

"போன மாசம். ஏன்?"

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"சூட்டுப் புண்ணுதான், தானா ஆறிடும்னாங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

கண்டக்டரம்மா குனிந்து ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசல் வந்தது. அங்கே ஸ்டாப் கிடையாது. ஒற்றை விசில் ஊதி வண்டியை நிறுத்தினாள். டிரைவர் திரும்பிக் கத்தினார். பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன. அந்தப் பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியவள், குழந்தைக்காக இரண்டு கைகளையும் ஏந்தி நின்றாள்.