தட்டியவனும் விட்டவரும்

பிள்ளைகளே, பலாபத்வலச் சந்தியில் எனக்கு முடி வெட்டும் சலூன்காரர் ஊதினால் பறந்துவிடும் உடம்புக்காரர். ஆனால் டீவியில் சண்டை ஓடினால் உலகத்து வீரன் ஒருவனும் அவரிடம் தேறமாட்டான்.

"ரெஸ்லிங்கா? அது வெறுங் கூத்துண்ணே. அடி விழ முந்தியே சாய்ஞ்சிர்றானுங்க."

கூண்டுக்குள் நிஜமாகவே மோதுகிறவர்களையும் விடமாட்டார். அன்று டீவியில் கழுத்துப் பிடியில் சிக்கிய தாடிக்காரன் ஒருவன், தோற்றேன் என்று எதிராளியின் முதுகில் தட்டினான். சலூன்காரர் சீப்பை வீசினார்.

"தட்டிட்டான் பாருங்க, வெக்கங்கெட்டவன்! மாடு மாதிரி உடம்பு எதுக்கு? நானா இருந்தா செத்தாலும் தட்டமாட்டேன்."

முடி வெட்டியதும் தலையைத் திருப்பிக் கழுத்தில் சொடக்கு எடுத்துவிடுவது அவர் வழக்கம். அன்று கண் டீவியில் இருந்ததால் திருப்பிய கை நிற்கவில்லை. வலியில் எனக்குச் சத்தமே வரவில்லை. உட்கார்ந்திருந்த கதிரையின் கையில் படபடவென்று தட்டினேன்.

அந்த நொடியே விட்டுவிட்டார். "ஐயோ, வலிச்சிருச்சாண்ணே?" என்று கழுத்தைத் தடவினார்.

"நானும் தட்டிட்டேனே. நானும் வெக்கங்கெட்டவன் தானே?"

"சும்மா இருங்கண்ணே. தட்டினா விட்டுறணும். விடாதவன் மனுசனா?"

அதற்குள் டீவியில் இன்னொருவன் தட்டினான். "தூ, கோழை!" என்றார். கை மட்டும் என் கழுத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தது.

அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. முடி வளர்ந்தால் அவரிடம்தான் கழுத்தைக் கொடுக்கிறேன்.