தபால் வேனுக்கு ஒரு குழாயும் ஒரு குழியும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. திருச்சி பெரிய கடைவீதியில் ஹமீது பாயின் பைப் கடைக்குள் ஒரு வெள்ளைக்காரர் நுழைந்தார். வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டதால் கடைவீதியே திரும்பிப் பார்த்தது. அறுபது வயதிருக்கும். அரை டிராயர். வெயிலில் சிவந்த மூக்கு. இரண்டு கைகளாலும் மூடி போட்ட ஒரு தகர டப்பாவை ஏந்தியிருந்தார் — கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டு வருகிற பவ்யத்தோடு.

பாய் எழுந்து நின்றார். வீடு தேடி வந்தவர் எதைக் கொடுத்தாலும் இரு கையாலும் வாங்கிக்கொள்வது அவர்கள் குடும்பத்து மரியாதை. வாங்கிக்கொண்டார். உள்ளே ஏதோ தளும்பியது. லேசாக ஒரு மருந்து வாசனை.

"பெயிண்ட் சாம்பிள் போலருக்கு சாமி," என்று என்னிடம் சொன்னார். "வெளிநாட்டுச் சரக்கு. வாசனையே வேற மாதிரி இருக்கு பாருங்க."

நான் அங்கே எதற்கு நின்றேன்? குழாயை வளைத்துத் திருப்ப ஒரு முக்கால் இஞ்ச் எல்போ வாங்கத்தான். பகலில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மேன், வாராவாரம் இந்தப் பத்திரிகையில் உங்களிடம் அரட்டை என்று இரண்டு பிழைப்பு எனக்கு. அன்றைக்கு மூன்றாவதாக மொழிபெயர்ப்பும் சேர்ந்துகொண்டது.

வந்தவர் பெயர் கார்ல். ஜெர்மனிக்காரர். அவருடைய இங்கிலீஷ் என்னுடையதைப் போலவே மோசம் என்பதால் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது. தபால் இலாகாவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவராம். தன்னைப் போலவே ரிடையர் ஆன ஒரு தபால் வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் பொருத்தி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் என்று தரை மார்க்கமாகவே ஸ்ரீரங்கம் வரை ஓட்டி வந்துவிட்டார். அதாவது, மனுஷர் வீட்டோடு வந்திருக்கிறார். வீடென்றால் எல்லாமும் இருக்கும்தானே?

"இதை எங்கே கொட்டலாம்?" என்று டப்பாவைக் காட்டிக் கேட்டார் — வாசலில் அடுக்கியிருந்த குழாய்களைப் பார்த்து நுழைந்தவர்.

பாயின் கை அதற்குள் மூடிக்குப் போய்விட்டது.

"பாய், திறக்காதீங்க," என்றேன்.

"ஏன், காஞ்சுருமா?"

"பெயிண்ட் இல்லை பாய். அது அவங்க வண்டிக் கக்கூஸ்."

டப்பாவை மேஜை மேல் வைக்கப் போன பாய் பாதி வழியில் நின்றுவிட்டார். கீழே வைக்க மனசில்லை. திருப்பிக் கொடுக்க மரியாதை விடவில்லை. கடைசியில் கார்லே வாங்கிக்கொண்டார். "தேங்க் யூ" வேறு சொன்னார்.

பாய் அன்றைக்கு எத்தனை முறை கை கழுவினார் என்று நான் எண்ணவில்லை. ஆனால் நல்ல மனுஷர். திருவானைக்காவலைத் தாண்டி, கொள்ளிடக் கரையோரம் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. கிணறும் பம்ப் செட்டும் இருக்கிறது. "அங்க போய் வண்டியை நிறுத்திக்கச் சொல்லுங்க சாமி, எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும்," என்றார். தோப்பின் கிழக்கு மூலையில் குழி வெட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். அந்த வேளைக்கு விஷயம் முடிந்தது.

சாயங்காலம் பாயும் நானும் தோப்புக்குப் போனோம். கார்லின் மனைவி கிரேட்டா வேன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எங்களுக்குப் பால் விடாத காப்பி கொடுத்தார். வழியெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டேன். படுக்கை கூடவே வருகிறது, சாப்பாடு எங்கும் கிடைக்கிறது, கஷ்டம் இரண்டே இரண்டுதான் என்றார். நல்ல தண்ணீர் எங்கே பிடிப்பது? அழுக்குத் தண்ணீரை எங்கே விடுவது?

"பார்க்க வந்தது கோபுரங்களை. தேடி அலைந்தது குழாய்களை," என்றார்.

இன்னும் இரண்டு மூன்று வேன்கள் பின்னால் வந்துகொண்டிருக்கின்றனவாம். வேன்காரர்கள் வழியில் சந்தித்தால் முதலில் சொல்லிக்கொள்வது இந்த மாதிரி இடங்களைத்தானாம். பாயின் கண்கள் பளபளத்தன. தோப்பு வாசலில் 'டூரிஸ்ட் கேம்ப்' என்று போர்டு தொங்குவது அவர் மனசுக்குள் தெரிந்துவிட்டது.

"சாமி, ஒரு பிளான் போடுங்க. குழாய், தொட்டி எல்லாம் நம்ம கடைச் சரக்கு. உலகத்துல எங்கயும் இல்லாத மாதிரி இருக்கணும்."

போட்டேன். பெருமையாகச் சொல்கிறேன், அழகான டிராயிங். நடுவில் ஒரே ஒரு சிமென்ட் தூண். இடப்பக்கம் குடிதண்ணீர்க் குழாய், வலப்பக்கம் டப்பா கழுவும் குழாய். பைப் மிச்சம், பார்க்கவும் லட்சணம். கீழே டப்பாவைக் கவிழ்க்க ஒரு தொட்டி, அதற்கடியில் வாளி. வாளி நிறைந்தால் எடுத்துப்போக, பின்பக்கம் ஒரு சின்ன வழி. அளவு தெரிவதற்காக டிராயிங்கில் ஒரு மனித உருவம் போடுவது எங்கள் தொழில் வழக்கம். வாளிக்குப் பக்கத்தில் ஓர் உருவம் போட்டேன். அது யார் என்று யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோப்பில் பிளானை விரித்தோம். பாய் தன் வீட்டுக்கு வழக்கமாகக் கக்கூஸ் எடுக்க வரும் அஞ்சலையையும் வரச்சொல்லியிருந்தார். நாற்பது வயசுக்காரி. சற்றுத் தள்ளியே நின்றாள்.

"அஞ்சலை, இனிமே இந்த வாளியையும் நீதான் பாத்துக்கணும். தினமும் ஒரு நடை வந்துட்டுப் போ," என்றார் பாய்.

அவள் கிட்டே வந்து காகிதத்தைப் பார்த்தாள். என் மனித உருவத்தைக் காட்டினாள்.

"இது யாருங்க?"

"அது... சும்மா, அளவுக்காகப் போட்டது."

"சேலை போடாம விட்டுட்டீங்களே," என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், "நான் தூக்க மாட்டேன் பாய்," என்றாள்.

பாய் பிளானிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன அஞ்சலை, புதுசா பேசுற? வீட்டுல தினம் செய்யறதுதானே?"

"வீட்டுல செய்யறேன். அதை அப்படிக் கட்டி வெச்சுட்டீங்க. இது இன்னும் கட்டலியே."

பாய்க்கு முகம் சிவந்தது. அவள் நிறுத்தவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான்.

"தொரை அந்த டப்பாவைக் கடைவீதி பூரா அவரே தூக்கிட்டு வந்தாருன்னு ஊரே சிரிக்குது. அவ்வளவு தூரம் தூக்கினவரு குழி வரைக்கும் தூக்க மாட்டாராமா?"

என்ன நடக்கிறது என்று கார்ல் கேட்டார். "சொல்லாதீங்க சாமி, மானம் போயிரும்," என்றார் பாய். எனக்கும் சொல்ல விருப்பமில்லை. ஆனால் அந்த மனுஷர் விடவில்லை. உங்கள் டப்பாவைத் தூக்க ஆள் வைப்பது பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லித் தொலைத்தேன்.

கார்லுக்கு விளங்கவில்லை. "ஆளா? அது எங்களுடையது. வேறு யார் தூக்குவார்கள்?"

அந்தக் கேள்விக்கு எனக்கு இங்கிலீஷில் பதில் தெரியவில்லை. தமிழில் தெரியும். சொல்லவில்லை.

பாய் எழுந்து போய் ஒரு தென்னைக்கு அடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அஞ்சலைக்கு அந்த வீட்டு வேலை அன்றோடு போயிருக்கலாம். அது எனக்குத் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? பென்சில் சீவினேன். பேச வாய் வராத இடங்களில் பென்சில் சீவுவது எனக்குக் கைவந்த கலை.

கொஞ்ச நேரம் கழித்துப் பாய் திரும்பி வந்தார். கோபம் முழுசாக இறங்கவில்லை.

"சரி. எப்படிக் கட்டணும்ங்கற? நீயே சொல்லு."

சொன்னாள். நின்ற இடத்திலிருந்து இல்லை, தோப்பு முழுக்க நடந்து சொன்னாள். முதலில் என் அழகான தூணைக் காலி பண்ணினாள்.

"டப்பா கழுவின கை பக்கத்துக் குழாயைத் திறக்காதுன்னு என்ன நிச்சயம் சாமி? அந்தத் தண்ணியைத்தானே குடிக்கணும்? குடிக்கற குழாய் மேட்டுல, கிணத்துக்கிட்ட இருக்கட்டும். கழுவற குழாய் அந்தக் கடைசியில."

பாத்ரூம் வரையவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இது எனக்குத் தோன்றவில்லை.

குழியின் வாய் முழங்கால் உயரத்தில் இருக்கவேண்டும், குனியாமல் கவிழ்க்கலாம். மூடியைக் காலால் மிதித்துத் திறக்கிற மாதிரி செய்யவேண்டும், கை படாது. உள்ளே சரிவாகப் பூசிவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும். வாளி வேண்டாம், பூமிக்கடியில் மூடின தொட்டி போதும். கிழக்கு மூலை வேண்டாம், ஐப்பசி மழையில் அங்கே தண்ணீர் நின்று எல்லாம் மேலே வந்துவிடும். தோப்பு பாயுடையது, ஆனால் ஐப்பசியில் அங்கே தண்ணீர் நிற்கும் என்பது பாய்க்கே தெரியாது.

இன்னொரு சங்கதியும் இருந்தது. பாத்திரம் கழுவும் தண்ணீர் வேனுக்கு அடியில் ஒரு குழாய் வழியாக வெளியே வரும். அது எந்தப் பக்கம் வருகிறது? அஞ்சலை மண்ணில் படுத்து வேனுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். அதைப் பார்த்து கிரேட்டாவும் பக்கத்தில் படுத்துவிட்டார். இரண்டு பெண்களும் இரண்டு பாஷையில் பேசிக்கொண்டார்கள். எதற்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அஞ்சலை சொன்னாள்: "இந்த வண்டிக்கு எடது பக்கம். அடுத்த வண்டிக்கு எந்தப் பக்கமோ, யாரு கண்டா? அகலமா ஒரு தளம் போட்டு நடுவுல வாய்க்கா விடுங்க. எப்படி வந்து நின்னாலும் தண்ணி நடுவுக்கு வந்துரும். அப்படியே தென்னைக்குத் திருப்பிவிட்டுருங்க."

நான் ரப்பரை எடுத்து அழித்தேன். முதலில் தூணை. அடுத்து வாளியை. கடைசியாக அந்த உருவத்தை.

பாய் கொத்தனாரைப் பிடித்தார். கார்லும் கிரேட்டாவும் தஞ்சாவூர்ப் பக்கம் சுற்றிவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த வாரமே இரண்டாவது வேன் வந்தது, பிரெஞ்சுக்காரக் குடும்பம். அவர்கள் குழாய் வலது பக்கம். தளத்தில் ஏறி நின்றதும் தண்ணீர் சமர்த்தாக நடு வாய்க்காலுக்குப் போயிற்று. பாய் பக்கத்தில் நின்று, "எல்லாம் நம்ம கடைப் பைப்பு," என்று அவர்களுக்குத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார்.

எதிர்பாராத சிக்கல் ஒன்றுதான். மேட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் சுற்றுவட்டாரப் பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். ஐயாயிரம் மைல் தாண்டி வந்த வேன் வரிசையில் நிற்கிறது. கிரேட்டா ஒரு பித்தளைக் குடம் வாங்கி இடுப்பில் வைக்கப் பழகிக்கொண்டார். முறை தப்பி நடுவில் புகுந்த ஓர் அம்மாளை அவர் ஜெர்மனில் திட்டினதாகவும் கேள்வி.

போன ஞாயிற்றுக்கிழமை கார்ல் தம் டப்பாவைத் தாமே கொண்டு வந்து, காலால் மூடியை மிதித்து, கவிழ்த்து, கழுவி, ஏதோ பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே போனார். மொத்தமாக ஒரு வெற்றிலை போடும் நேரம்தான். அஞ்சலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அஞ்சலை, திருப்திதானே?" என்றார் பாய்.

"நல்லாருக்கு பாய். வீட்டுல எப்ப இப்படி?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தென்னை மரங்களைப் பார்த்தேன்.

"என் வேலை போயிருமேன்னு பாக்கறீங்களா? கழுவி விட ஆள் வேணும்தானே. அதை நான் செய்யறேன். தூக்கறதுதான் வேணாங்கறேன்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து அளவு எடுங்க சாமி," என்றார்.

தப்பித்தேன் என்று கிளம்பினேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டுக்கு யாரு சாமி வராங்க?"

"ஒரு அம்மா வராங்க."

"பேரு?"

தெரியாது. நான் பிறந்து வளர்ந்த வீடு. எனக்கு விவரம் தெரிந்து மூன்று பேர் மாறியிருக்கிறார்கள். ஒருத்தி பெயரும் தெரியாது.

வீட்டுக்கு வந்து, நம் வீட்டுக்கும் அப்படிக் கட்டிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தேகம்.

"ஏன்னா, தண்ணி ஊத்தினா அதெல்லாம் எங்கே போறது?"

"கொல்லையிலே, பூமிக்கடியிலே ஒரு தொட்டிக்கு."

"நம்மாத்துலயேவா இருக்கும்? வேண்டவே வேண்டாம். ஆசாரம் கெட்டுப் போயிடும்."

ஒருத்தி தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனால் ஆசாரம். நம் மண்ணுக்கடியில் நம்முடையதே இருந்தால் அது போய்விடும். இதைத்தான் நான் இத்தனை வருஷமாக ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவியைக் குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை? அவள் கேள்வியாவது கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு சந்தில் போய் நின்றேன். அந்தப் பெண் வாளியும் விளக்குமாறுமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"உன் பேர் என்னம்மா?"

அவள் முகம் வெளுத்தது. "என்ன தப்பு பண்ணிட்டேன் சாமி?"

"தப்பு ஒண்ணும் இல்லை. தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்."

வாளியைக் கீழே வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ரங்கநாயகிங்க."

எங்கள் கோயில் தாயாரின் பெயர். எங்கள் தெருவில் அந்தப் பெயரைக் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

திங்கட்கிழமை எங்கள் கொல்லையில் தொட்டிக்குக் குழி வெட்ட ஆள் வருகிறது. தெருவில் இப்போதே மூன்று வீட்டுக்காரர்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள் — ஆரம்பம் நன்றாகத்தான் இருக்கிறது.