அவள் கொடுத்த எண்

எண்பதுகளின் கடைசியில் நானும் என் தோழியும் திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவிகள். எனக்கு வீடு ஸ்ரீரங்கம், அவளுக்குத் திருவானைக்காவல். அணுக்களையே படம் பிடிக்கும் ஊசிமுனை மைக்ரோஸ்கோப் ஒன்றை நாங்களே கட்டியிருந்தோம். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. அதிர்வு தாங்க சைக்கிள் ட்யூபின் மேல் ஒரு கல் பலகை, அதன்மேல் கருவி, அவ்வளவுதான்.

அதன் உயிர் ஒரு சின்னப் பீங்கான் குழாய். மின்சாரம் கொடுத்தால் மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும். ஊசியை நகர்த்துவது அதுதான். ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு நீளும் என்று லேசர் வைத்து அளந்து சொல்வது அவள் வேலை. இரண்டு மாதம் மல்லுக்கட்டி ஓர் எண்ணைக் கொடுத்தாள். பேராசிரியருக்கு ஒரே பெருமை. அந்த வேலையைச் சொல்லித்தான் பெங்களூரில் அவளுக்கு உத்தியோகமும் பேசி வைத்தார். என் ஆய்வேட்டின் அத்தனை அளவுகளும் அந்த எண்ணை நம்பிப் போட்டவை.

டைப் அடித்து முடித்தாயிற்று, மறுநாள் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நான் கொடுத்த நம்பர் தப்புடி" என்றாள்.

முந்தின நாள் எதையும் அணைக்காமல் சாப்பிடப் போயிருக்கிறாள். வந்து பார்த்தால் குழாய் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. நீண்டு நின்றுவிட்டது என்று நினைத்து உடனுக்குடன் அளவெடுத்தாளே, அது நிற்காமல் மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்திருக்கிறது! அறையின் சூட்டால் இருக்குமோ என்று மூன்று தடவை சோதித்தாளாம். மூன்று தடவையும் அதே கதை.

எனக்கு வந்ததே கோபம்! எரிந்து விழுந்தேன். பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குரலைத் தாழ்த்தி, "யாருக்குடி தெரியப்போகுது? பேசாம விடு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"எனக்கும் பஸ்ஸுல வரும்போது அப்படித்தான் தோணுச்சு. வேலை போயிடுமேன்னு பயமா இருந்துச்சு. அதான் சார்கிட்ட போறதுக்கு முன்னாடி உன்கிட்ட வந்தேன். நீ விடமாட்ட, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுவன்னு நினைச்சேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு அவளுடன் பேராசிரியர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

பேராசிரியர் கத்தித் தீர்த்தார். "தப்பு என்னோடது சார், அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அத்தனையையும் தானே வாங்கிக்கொண்டாள். பெங்களூருக்கும் அவளே உண்மையை எழுதிப் போட்டாள். அந்த உத்தியோகம் வேறு யாருக்கோ போயிற்று. அடுத்த நான்கு மாதமும் குழாய் அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்து கொடுத்தாள். அம்மாடி, என்ன பெண் அவள்!

எனக்குப் பிறகு எத்தனையோ பாராட்டுகள் கிடைத்தன. ஆனால் தப்பு செய்ய விடமாட்டேன் என்று நம்பி என்னைத் தேடி வந்தவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு நான் அப்படிப்பட்டவளாக இல்லை, அப்படி ஆகிவிட வேண்டும் என்றுதான் இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன்.