பதினேழாம் இலக்கத்தின் நெஞ்சுப்பட்டி

முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கற்றுத்தந்த சொல் ‘க்ளீனிங்’. மொன்றியல் டவுன்டவுனில், பச்சைக்கோட்டு மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் எங்கள் அலுவலகம். உலகத்தில் பல இடங்களிலும் உள்ள தொழில்முறை உதைபந்தாட்டக் கழகங்களுக்கு நாங்கள் நெஞ்சுப்பட்டி விற்றோம். வீரர் அதை ஜேர்சிக்குள் கட்டிக்கொண்டு ஓடுவார். அவருடைய இதயத் துடிப்பு எங்கள் கணினிக்குக் கோடாக வந்து சேரும். அந்தக் கோட்டை ஒழுங்குபடுத்தி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். புள்ளிவிபரவியலை இலங்கையில் ஒருமுறையும், இங்கே மறுபடியும் படித்த எனக்குக் கிடைத்த வேலை அது.

என் மேலாளர் செல்வண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். ஆசியப் பக்கத்துக் கழகங்கள் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு முழு ஆட்டத்தைக்கூடத் தான் பார்த்ததில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லுவார். முதல் பாடத்தையும் அவர்தான் எடுத்தார்.

“தங்கச்சி, ஒரு மனுசன்ர நெஞ்சு நிமிசத்துக்கு இருநூற்று இருபதுக்கு மேல அடிச்சா அது நெஞ்சில்லை, பட்டி லூஸ். அந்தத் துண்டை அழிச்சுப்போட்டு ரெண்டு பக்கக் கோட்டையும் இழுத்துச் சேர்த்து விடுங்கோ. அவ்வளவுதான் க்ளீனிங்.”

வீட்டில் இதைச் சொன்னபோது, இவ்வளவு படித்தும் கடைசியில் கனடாவில் துடைக்கிற வேலைதானா என்று கணவர் கேட்டார். நானும் சிரித்தேன்.

அந்த விதி முழுப் பொய்யல்ல என்பதையும் இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். பட்டி தளர்ந்தால் கோடு கண்டபடி பாயத்தான் செய்யும். ஆனால் அது ஆட்டத்தின் தொடக்கத்தில், தோல் காய்ந்திருக்கும்போது நடப்பது. வியர்வை வந்ததும் பட்டி ஒட்டிக்கொள்ளும். விதியை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. விதியை வைத்துச் சம்பளம் எடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

வென்றால் கிடைக்கும் பரிசு

எனக்குத் தரப்பட்டது ஒரு ஜப்பானியக் கழகம். வார இறுதியில் உள்நாட்டு லீக். வாரத்தின் நடுவில் உள்நாட்டுக் கிண்ணம். முந்திய சீசனில் நன்றாக ஆடியதற்குப் பரிசாக ஆசியக் கண்டத்துக் கிண்ணம். ஒரு வாரம் சொந்த ஊர் மழையில் ஆடுவார்கள், அடுத்த வாரம் வளைகுடா வெக்கையில் ஆடுவார்கள், விமானத்தால் இறங்கிய களைப்போடு மறுபடி லீக். வென்றால் பரிசு, இன்னொரு ஆட்டம். தோற்றவர்கள் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பார்கள்.

இப்படி ஆட வைக்கும் பயிற்சியாளருக்கு எங்கள் பச்சை நிறம் மிகவும் பிடிக்கும். பச்சை என்றால் யாரையும் மைதானத்தில் இறக்கலாம், மனச்சாட்சி உறுத்தாது. நாங்கள் விற்றது பட்டியல்ல, அந்த உறுத்தாமையைத்தான். எங்கள் டைரக்டருக்கு இது நன்றாகத் தெரியும். பச்சையாக ஒரு படத்தைக் கண்டால் பிரெஞ்சில் “செ போ” என்பார். அழகாம். அவருடைய விளையாட்டு அறிவு முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கியது.

வீரர்களின் பெயர்கள் எங்களுக்குத் தெரியாது, இலக்கம் மட்டும்தான். பதினேழாம் இலக்கம் இடதுபக்கக் காவலர். மூன்று போட்டிகளிலும் அவர் இருப்பார். அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் பச்சையாக இருந்தார் அல்லவா.

மூன்று மன்னிப்புகள்

ஒரு கிண்ண ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பதினேழின் கோடு விறுக்கென்று மேலே பாய்ந்தது. சில மூச்சு நேரம் அங்கே நின்றுவிட்டு விழுந்தது. ஆள் வியர்வையில் குளித்திருக்கும் நேரம் அது. பட்டி எப்படித் தளரும் என்று செல்வண்ணையிடம் கேட்டேன். அவர் வழக்கம்போலக் கழகத்துக்கு ஒரு டிக்கெட், அதாவது ஒரு முறைப்பாட்டுப் பதிவு, திறந்தார்: பட்டியைப் பரிசோதிக்கவும்.

அங்கே வீரர்களின் உடைகளுக்குப் பொறுப்பானவர் பதில் எழுதினார். தான் சரியாக இறுக்கவில்லைப் போலும், மிகவும் வருந்துகிறேன், இனிமேல் இருமுறை பார்ப்பேன் என்று. டிக்கெட் மூடப்பட்டது. வெளிநாட்டில் ஆடிய கண்டக் கிண்ண ஆட்டத்தில் அதே பாய்ச்சல். புதுப்பட்டி அனுப்பினோம். தான் தவறான சவர்க்காரத்தில் கழுவிப் பழையதைக் கெடுத்திருக்கக்கூடும், இனிக் கையால் கழுவுகிறேன் என்று மன்னிப்பு வந்தது. டிக்கெட் மூடப்பட்டது. திரும்பி வந்து ஆடிய லீக் ஆட்டத்தில் மூன்றாவது தடவை. இன்னொரு பட்டி, இன்னொரு மன்னிப்பு. அந்த மனிதர் உண்மையாகவே வருந்தினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் அலுவலகம் அந்த வருத்தத்தை வைத்துக் கதவைச் சாத்தியது.

மூன்றாவது டிக்கெட்டில் நான் ஒரு வசனம் சேர்த்திருந்தேன்: இந்த வீரர் மறுபடி ஆடுவதற்குமுன் அவருடைய இதயத்தை மருத்துவரிடம் காட்டவும். அனுப்பப்பட்ட பிரதியில் அது இல்லை.

“அண்ணை, அந்த வசனம் எங்கை?”

“நாங்கள் என்ன டொக்டரோ தங்கச்சி? கஸ்டமரிட்ட நெஞ்சு, வருத்தம் எண்டெல்லாம் கதைக்கிறதில்லை.”

“பட்டியை மாத்தி மாத்திப் பாத்தாச்சு. நெஞ்சை மட்டும்தான் இன்னும் பாக்கேல்லை.”

“அந்த மனுசனே தன்ர பிழை எண்டு ஒத்துக்கொண்டிட்டுது. உங்களுக்கென்ன? உங்கட மகள் பந்தடிக்கிறா எண்டாப்போல பந்தடிக்கிற எல்லாருக்கும் அம்மாவாகப் போறியளோ?”

பக்கத்து மேசைக்காரருக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் செல்வண்ணை சிரித்தபடியால் அவரும் சிரித்தார்.

சுத்தமான கோடு

கண்டக் கிண்ண அரையிறுதி வளைகுடாவில் நடந்தது. அங்கே இரவு, எங்களுக்குப் பிற்பகல். டைரக்டர் விருந்தினர் சிலரை அழைத்து வந்து பெரிய திரைக்கு முன்னால் கோப்பியுடன் நிறுத்தியிருந்தார். ஒரு திரையில் ஆட்டம், மற்றதில் எங்கள் கோடுகள். என்னைவிட வேகமாகத் துடைப்பதற்கு அப்போதுதான் ஒரு மென்பொருள் போட்டிருந்தார்கள். ஆட்டம் நடக்கும்போதே அது சுத்தம் செய்யும்.

இரண்டாம் பாதியில் பதினேழு பந்தை நோக்கி ஓரமாக ஓடினார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. முழங்கால் மடிந்து, முகம் குப்புற விழுந்தார். சக வீரர்கள் கையைக் காட்டிக் கத்துவது தெரிந்தது.

நான் மற்றத் திரையைப் பார்த்தேன். அவருடைய கோடு உச்சிக்குப் பாய்ந்தது. உடனே மென்பொருள் அந்தப் பாய்ச்சலை அழித்துவிட்டு, முந்திய அளவை வைத்துக் கோட்டை நேராக நீட்டியது. புல்லில் ஒரு மனிதர் அசைவில்லாமல் கிடந்தார். எங்கள் திரையில் அவர் பச்சையாக, நிதானமாக ஓடிக்கொண்டிருந்தார். ஆட்டத் திரைக்கு முதுகு காட்டி நின்ற டைரக்டர், அந்த நேர்கோட்டைத்தான் விருந்தினருக்கு விரலால் தொட்டுக் காட்டினார்.

“செ போ,” என்றார்.



மைதானத்து மருத்துவர்கள் நெஞ்சுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். தூக்கிக்கொண்டு போகையில் அவருடைய கை அசைந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் காலையில் கூட்டம் வைத்தார்கள். வீரர் எப்படி இருக்கிறார் என்பது முதல் கேள்வியாக இருக்கவில்லை. மூன்று டிக்கெட்டுகளும் முறையாக மூடப்பட்டனவா என்பதுதான் கேள்வி. செல்வண்ணை என் பக்கம் குனிந்து, நிம்மதியோடு சொன்னார்:

“நல்லவேளை தங்கச்சி, ஒவ்வொரு முறையும் அவையே மன்னிப்புக் கேட்டிருக்கினம்.”

மேசைக்குத் திரும்பியபோது உடைகளுக்குப் பொறுப்பானவரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. வீரருக்குச் சிகிச்சை செய்யும்போது நெஞ்சுப்பட்டியைக் கத்தரிக்கோலால் வெட்ட நேர்ந்துவிட்டதாம். உங்கள் பொருளைச் சேதப்படுத்தியதற்கு ஆழ்ந்த மன்னிப்பு.

 கணினியின் சேமிப்பில் இருந்த, துடைக்கப்படாத கோடுகள் அனைத்தையும் வெளியே எடுத்தேன். வெட்டப்பட்ட என் வசனத்தையும் சேர்த்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் கழக மருத்துவருக்கு நேராக அனுப்பினேன். செல்வண்ணை பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“நான் ஒண்டும் காணேல்லை,” என்று சொல்லிவிட்டுக் கோப்பி எடுக்கப் போனார். அவர் அங்கே செய்த மிகத் துணிச்சலான காரியம் அதுதான்.

மருத்துவரின் பதில் சுருக்கமாக இருந்தது. மருத்துவமனை இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது, நன்றி. அந்த ஒரு கடிதத்தில் மட்டும் மன்னிப்பு இருக்கவில்லை.

பதினேழாம் இலக்கத்தின் நெஞ்சுக்குள் இப்போது ஒரு சிறு கருவி இருக்கிறது. உயிரோடு இருக்கிறார், ஆடுவதில்லை. எனக்கு எச்சரிக்கை கிடைத்தது. சில மாதங்களில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். போவதற்கு முன் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், நாங்கள் சேவை வழங்கும் கழகம் ஆசிய அரையிறுதி வரை போனது என்று டைரக்டர் கைதட்டல் வாங்கினார்.

ரொக்ஸ்பரோ மைதானம்

இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான். ஒருவர் மன்னிப்புக் கேட்டதும் பிரச்சினை தீர்ந்ததாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அங்கேதான் தேடத் தொடங்க வேண்டும்.

பதினேழு விழுந்த கிழமையே மகள் நிலானியைக் கூட்டிக்கொண்டுபோய் இதயத்தைப் பரிசோதிக்க வைத்தேன். குறை ஒன்றும் இல்லை. அம்மா பயந்தவர் என்று டொக்டர் பிரெஞ்சில் அவளிடம் பகிடி விட்டார், அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து, மொன்றியலின் மேற்குப் பக்கத்து ரொக்ஸ்பரோவில் அவளுக்கு ஆட்டம். பாடசாலை அணி, பேட்டை அணி, வட்டார அணி என்று அவளுக்கும் மூன்று. இடைவேளைக்கு முன்னமே வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

“ஸொறி அம்மா. இண்டைக்கு நான் சரியா விளையாடேல்லை. சா வா, ஒண்டுமில்லை.”

“ஸொறியை விடு. எங்கை நோகுது எண்டு சொல்லு.”

கோச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையின் முனை இரத்தத்தில் ஒட்டிப் போயிருந்தது, பெருவிரல் நகம் கறுத்திருந்தது. அந்தச் சப்பாத்து போன சீசனே அவளுக்குச் சின்னதாகிவிட்டது.